பிடுங்கினால் போதுமா?

தோட்டத் தொழிலாளிக்கு முன்பல் எதற்கு என்று வாய்விட்டுக் கேட்கும் துணிவு இன்று எவருக்கும் இல்லை. ஆயினும் அக்கேள்விக்கு விடை பதுளை மாவட்டத்து மலைகளில் வழங்கப்பட்டுக்கொண்டுதான் இருக்கிறது. சூத்தை விழுந்ததா? பிடுங்கு. வழுக்கி விழுந்து உடைந்ததா? பிடுங்கு. பசறையிலும் ஹாலிஎலயிலும் பண்டாரவளையிலும் கொழுந்துக் கூடை சுமக்கும் பெண்கள், முதுமைக்கு வெகுமுன்பே வாயைக் கையால் மூடிக்கொண்டு சிரிக்கிறார்கள். அதை நாணம் என்று எண்ணிப் பூரிப்போரும் உண்டு!

உடைந்த முன்பல்லை மீண்டும் ஆக்கித் தருவது மாயவித்தையன்று. ஓரம் உதிர்ந்த பல்லில் அதே நிறத்துப் பசையை அப்பி, ஒளி பாய்ச்சி இறுகச் செய்கிறார்கள். சேதம் நரம்புவரை சென்றிருந்தால் வேரின் உட்புறத்தைச் சுத்தம் செய்து அடைத்து, மேலே உறை பொருத்துகிறார்கள். வேரோடு கழன்று விழுந்த பல்லைக்கூட, அது பால்பல்லாக இல்லாதவரை, வேரைத் தேய்க்காமல் பாலில் இட்டு ஒரு மணி நேரத்துக்குள் வைத்தியரிடம் சேர்த்தால், குழியிலேயே திரும்பப் பதிக்க வாய்ப்புண்டு. ஒரு மணி நேரம்! லயத்திலிருந்து பிரதான வீதிக்கு இறங்கி பஸ்ஸுக்குக் காத்து நிற்பதற்குள் அந்த மணி கழிந்துவிடுகிறது. 1924 இல் பதுளைவரை ரயில் பாதை போட்டவர்கள், தேயிலைப் பெட்டி தாமதமின்றிக் கொழும்பு போய்ச் சேரவேண்டும் என்பதில் காட்டிய அக்கறையை, அதைப் பறித்த கைகளுக்குரிய வாயின்மீது காட்டவில்லை.

கணக்கைப் பாருங்கள். பல்லைப் பிடுங்க ஒரு நாள் போதும். வேர்ச் சிகிச்சைக்கும் உறைக்கும் பெரும்பாலும் பலமுறை போகவேண்டும். போகும் ஒவ்வொரு நாளும் ஒரு பேர் போயிற்று. நீண்ட போராட்டத்துக்குப் பின் 2021 மார்ச்சில்தான் நாட்கூலி ஆயிரம் ரூபாய் என்று வர்த்தமானியில் வந்தது. பின்னர் அது உயர்ந்திருக்கலாம். அடுப்பின் செலவும் கூடவே உயர்ந்திருக்கிறது. இந்நிலையில் தொழிலாளி பிடுங்குவதைத் ‘தேர்ந்தெடுக்கிறான்’ என்று சொல்வது எவ்வளவு பெரிய பொய்!

“வெற்றிலையும் புகையிலையும் மென்று அவர்களே கெடுத்துக்கொண்டார்கள்” என்பர் கனவான்கள். பாக்கு புற்றுநோய்க்குக் காரணமாகும் என்று உலக சுகாதார நிறுவனத்தைச் சார்ந்த புற்றுநோய் ஆய்வு முகவரகம் 2004 இல் தெளிவாகவே அறிவித்தது. அப்பழக்கத்தை விடத்தான் வேண்டும். அதில் நமக்குத் தயக்கமில்லை. ஆனால் கொட்டும் மழையிலும் குளிரிலும் பசியை மந்தப்படுத்தும் மலிவான பொருளாக அது மலைக்கு வந்ததன் காரணத்தையும் இவர்கள் கேட்கட்டும். தவிரவும், கறை வேறு, முறிவு வேறு. இடறி விழுந்து பல்லுடைத்த பள்ளிச் சிறுமி எந்த வெற்றிலையை மென்றாள்?

மலைநாட்டு உழைப்பாளியின் வாயை உலகம் பார்க்கவேயில்லை என்று எண்ணிவிடவேண்டாம். மிக நுணுக்கமாகப் பார்த்திருக்கிறது! ஊவாவுக்கு அயலான மத்திய மலைநாட்டுத் தோட்டங்களில் 1970 இல் நோர்வே நாட்டு அறிஞர் ஹரால்ட் லோவும் அவருடைய குழுவினரும் 480 ஆண் தொழிலாளரின் முரசுகளை அளந்தனர். பல்துலக்கும் முறையோ பற்சிகிச்சையோ எட்டாதவர்கள் என்பதே அவர்களின் ‘தகுதி’. முரசு நோய் தடையின்றி விடப்பட்டால் எவ்வாறு பரவும் என்று 1985 வரை திரும்பத் திரும்ப அளந்தார்கள். நூற்றில் எட்டுப் பேருக்கு விரைந்தும், எண்பத்தொருவருக்கு மிதமாகவும் பரவிற்று. பதினொருவருக்கு அது மேலும் பரவவில்லை. அன்றுமுதல் பல்வைத்தியம் பயில்வோர் உலகெங்கும் இவ்வெண்களைப் படிக்கிறார்கள். 2010 இல் அவர்களுள் 75 பேரை மீண்டும் சோதித்தபோது, சராசரியாக ஆளுக்குப் பதின்மூன்று பற்கள் போயிருந்தன. அறிவியலுக்கு அவர்கள் அளித்த கொடை பெரிது. அறிவியல் அவர்களுக்கு எத்தனை பல்லைத் திருப்பிக் கொடுத்தது?

முன்பல் வெறும் அழகுப் பொருள் என்பாருக்குத் தமிழிலக்கணமே மறுமொழி கூறும். நாநுனி மேற்பல்லின் அடியைத் தொடாவிடில் தகரமும் நகரமும் இல்லை. மேற்பல்லும் கீழுதடும் கூடாவிடில் வகரம் இல்லை. தொல்காப்பியர் இதைச் சொல்லிவிட்டார். முன்பல் இழந்த பெண் ‘வணக்கம்’ என்ற சொல்லிலேயே தடுமாறுகிறாள். வேலை கேட்டுக் கொழும்புக் கடைவாசலில் நிற்கையில் அவள் வாய் திறக்கத் தயங்கினால், அத்தயக்கத்துக்கு அறிவின்மை என்று பெயர் சூட்டிவிடுகிறார்கள்.

தோட்டத் தொழிலாளரின் மருத்துவத் தேவை நிருவாகத்தின் பொறுப்பு என்று 1912 இலேயே சட்டம் செய்தார்கள். 1992 இல் தோட்டங்களின் நிருவாகம் கம்பனிகளின் கைக்கு வந்தது. தோட்டத்து டிஸ்பென்சரியில் காய்ச்சலுக்கு மருந்து உண்டு. பல்லைக் கட்டும் கருவி அங்கே எதிர்பார்க்கத்தக்க பொருளாக இன்றும் ஆகவில்லை. நாட்டில் பாடசாலைப் பற்சிகிச்சைச் சேவை இருக்கிறது, நல்ல சேவைதான். ஆனால் அது சிறுவரோடு நின்றுவிடுகிறது. கொழுந்து மலைக்குப் போகும் வயது வந்ததும் பல் தொழிலாளியின் சொந்தப் பிரச்சினையாகிவிடுகிறது.

ஆகவே அரசும் கம்பனிகளும் சேர்ந்து செலவேற்கவேண்டும். பற்சிகிச்சை நாற்காலி பொருத்திய வண்டி, பிடுங்கும் குறட்டோடு மட்டும் வராமல், பல்லை நிரப்பவும் வேரை அடைக்கவும் வேண்டிய சாதனங்களோடு தோட்டந்தோட்டமாகக் குறித்த நாளில் வரவேண்டும். உறைக்கும் கட்டுப்பல்லுக்கும் பதுளையில் காசின்றி வழி செய்யவேண்டும். அந்த நாற்காலியில் அமர்ந்த தொழிலாளிக்கு அன்றைய பேர் முழுமையாக விழவேண்டும், அரைப்பேர் அன்று.