உடைந்த போத்தல்களும் எங்கள் கூரையும்

எங்கள் ஊருக்குப் பழைய போத்தல் வாங்க வருபவர் முழுப் போத்தலுக்குத்தான் காசு தருவார். உடைந்ததைத் தொடவும் மாட்டார். குப்பை லொறியிலும் அதற்குத் தனி இடமில்லை. ஆகவே உம்மா கண்ணாடித் துண்டுகளைத் தென்னை மரத்தடியில் புதைத்து வந்தார். சென்ற மாரியில் மழைநீர் மண்ணை அரித்துச் செல்ல, தம்பியின் குதிக்காலில் ஏழு தையல் போட நேர்ந்தது.

அதே உம்மா தகரக் கூரையின் கீழ்தான் சமைக்கிறார். நோன்பு காலத்தில் அஸருக்குப் பின் அந்தக் குசினியில் நின்று கஞ்சி காய்ச்சுவது எப்படிப்பட்டதென்று நின்றவர்களுக்கே தெரியும். புதைக்கும் கண்ணாடியைக் கொண்டே இந்த வெக்கையைக் குறைக்கலாம் என்பது எனது கருத்து.

கண்ணாடி எப்படி வெப்பத்தைத் தடுக்கும் என்று தோழி ஒருத்தி சிரித்தாள். தடுப்பது கண்ணாடியல்ல, அதற்குள் அடைபட்ட வாயு. கண்ணாடியை மாவாக அரைத்து, சிறிதளவு கல்சியங் காபனேற்றுச் சேர்த்து, 800 பாகை செல்சியஸ் அளவில் சூடாக்கினால் கண்ணாடி இளகும்போது காபனீரொட்சைட்டு வெளியேறும். ஆனால் இளகிய கண்ணாடி அதை வெளியே விடாது. அப்பம் பொங்குவதுபோல் பொங்கி, ஆறியதும் நீரில் மிதக்கும் நுரைக் கண்ணாடியாகிவிடும். அதன் வெப்பக் கடத்தாறு சாதாரண கண்ணாடியினதில் ஏறத்தாழ இருபதில் ஒரு பங்குதான். கல்சியங் காபனேற்றுக்கும் கடைக்குப் போகத் தேவையில்லை. முட்டைக் கோது பெரும்பாலும் அதுவே. நோர்வேயிலும் ஜேர்மனியிலும் கழிவுக் கண்ணாடியிலிருந்து இதனைச் செய்து வீட்டுத் தளங்களுக்கும் வீதிகளுக்கும் அடியில் இடுகிறார்கள். அவர்கள் குளிருக்காகச் செய்வதை நாம் வெயிலுக்காகச் செய்யலாம்.

விறகையும் மின்சாரத்தையும் எரித்துக் குப்பையைக் காப்பாற்றுவதா என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். போத்தல் மீண்டும் போத்தலாவதே சிறந்தது; ஹொரணையிலுள்ள போத்தல் தொழிற்சாலை பழைய கண்ணாடியையும் உருக்குகிறது. ஆனால் கிழக்கிலிருந்து உடைந்த துண்டுகளை அவ்வளவு தூரம் ஏற்றிச் செல்வது யாருக்குக் கட்டுப்படியாகும்? மணலிலிருந்து புதிதாகக் கண்ணாடி செய்ய ஏறத்தாழ 1500 பாகை வேண்டும் என்பதையும் மறக்கக் கூடாது.

உண்மையான தடை வேறொன்று. நுரைக் கண்ணாடியை மிக மெதுவாக ஆறவிட வேண்டும், இல்லாவிட்டால் வெடித்துவிடும். செங்கல் சூளையில் அப்படி வெப்பத்தைக் கட்டுப்படுத்த முடியாது. அதற்கு நல்ல உலை தேவை, அரைக்கும்போது தூசு நெஞ்சுக்குள் போகாமல் பாதுகாப்பும் தேவை. இது ஒரு வீட்டின் வேலையல்ல, ஊரின் வேலை.

சூளையில் இன்றே செய்யக்கூடியது ஒன்றுண்டு. களிமண்ணுடன் உமியைக் கலந்து சுட்டால், உமி எரிந்துபோன இடமெல்லாம் துளையாகும். எஞ்சும் சாம்பலும் பெரும்பாலும் சிலிக்காவே. பாரம் தாங்காத இந்தக் கல் சுவர் கட்ட உதவாது. ஆனால் பேக்கரிப் போறணையைச் சுற்றி வைத்தால் சூடு வெளியேறுவது குறையும், விறகும் மிஞ்சும். நெல் ஆலைகளின் பின்னால் மலையாய்க் கிடக்கும் உமியை நம் மாவட்டத்தில் யாருக்கும் காட்டித்தர வேண்டியதில்லை.

அடுத்த விஞ்ஞானக் கண்காட்சிக்கு எரிமலை மாதிரி செய்வதை விட்டுவிட்டு, இந்த உமிக்கல் நான்கைச் சுட்டு வைக்க எங்கள் வகுப்பில் சிலர் தீர்மானித்திருக்கிறோம். உலைக்கு நாள் எடுக்கலாம். உடைந்த கண்ணாடிக்கென்று குப்பை லொறியில் ஒரு பீப்பாய் கட்ட எத்தனை நாள் எடுக்கும்?