மன்னிக்கலாம், திரும்பிப் போகவேண்டியதில்லை

மே மாத வெயிலில் யாராவது முழுக்கை ரவிக்கை போடுவார்களா? எனக்குத் தெரிந்த ஒரு பெண் போட்டார். ஞாயிறு ஆராதனைக்குத் தவறாமல் வருகிறவர். கணவரும் கூடவே வருவார். சபையில் காணிக்கைப் பை எடுப்பவர். வீட்டுக்குப் போனால் பெல்ட் எடுப்பவர்.

ஒரு நாள் அந்தப் பெண் தைரியத்தை வரவழைத்துக்கொண்டு ஆயரிடம் சொல்லிவிட்டார். ஆயர் இருவரையும் கூப்பிட்டார். முழங்கால் போடவைத்தார். ஜெபித்தார். கடைசியில், ‘‘எழுபது தரம் ஏழு தரம் மன்னிக்கணும்னு ஆண்டவரே சொல்லியிருக்கார். பொறுத்துப் போம்மா. உன் ஜெபத்துல அவர் மாறுவார்’’ என்று அனுப்பிவைத்தார்.

மூன்றே மாதத்தில் அந்தப் பெண் மணிக்கட்டு உடைந்து தாய் வீட்டுக்கு வந்தார். மறுபடி ஆயர், மறுபடி முழங்கால், மறுபடி அதே வசனம். எழுபதை ஏழால் பெருக்கினால் 490. அந்தக் கணக்கை அடி வாங்குகிறவர் மட்டும்தான் வைத்துக்கொள்ள வேண்டுமா?

நான் வேத பண்டிதன் இல்லை. ஆனால் எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரியும். அந்த வசனம் மத்தேயு சுவிசேஷம் 18-ம் அதிகாரத்தில் வருகிறது. தயவுசெய்து அதே பக்கத்தில் கொஞ்சம் மேலே பாருங்கள். ஒருவன் உனக்குத் தீங்கு செய்தால் என்ன செய்வது என்று இயேசு படிப்படியாகச் சொல்கிறார். முதலில் தனியாகப் பேசு. கேட்கவில்லையா, சாட்சிக்கு ஒன்றிரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு போ. அதற்கும் மசியவில்லையா, சபையில் சொல். சபை சொல்லியும் கேட்காவிட்டால், அவனை வெளியாளாக எண்ணிக்கொள்.

இதைப் பற்றி எத்தனை பிரசங்கம் கேட்டிருக்கிறீர்கள்? மன்னிப்பு வசனத்துக்கு மைக் செட் வைக்கிறோம். விலகச் சொல்கிற வசனத்தை விரலால் மறைத்துக்கொண்டு படிக்கிறோம்.

‘‘வெளியாட்களோடும் இயேசு உட்கார்ந்து சாப்பிட்டாரே’’ என்பீர்கள். சாப்பிட்டார். வரி வசூலித்த சகேயுவின் வீட்டுக்கே போனார். சகேயு என்ன செய்தான்? அழுது ஜெபித்துவிட்டு மறுநாள் பழையபடி வசூலுக்குக் கிளம்பவில்லை. ஏமாற்றியதை நாலு மடங்காகத் திருப்பித் தருகிறேன் என்றான். மனம் திரும்புதல் என்றால் அது. சனிக்கிழமை ராத்திரி அடித்துவிட்டு ஞாயிற்றுக்கிழமை காலையில் கண்ணீர் விடுவதற்கு வேறு பெயர்.

அடுத்து, ‘‘இது உன் சிலுவைம்மா, சுமந்துதான் ஆகணும்’’ என்ற உபதேசம். இயேசு தன் சிலுவையைத் தானாக ஏற்றார். அதற்கு முன்பு, நாசரேத்தில் அவரை மலை உச்சியிலிருந்து தள்ளிவிடப் பார்த்தபோது, கூட்டத்தைக் கடந்து போய்விட்டார். அவர் குழந்தையாக இருந்தபோது ஏரோது கொல்லத் தேடினான். யோசேப்பு என்ன, பொறுத்துப் போகலாம் என்று பெத்லகேமிலேயே இருந்தாரா? ராத்திரியோடு ராத்திரியாகத் தாயையும் பிள்ளையையும் கூட்டிக்கொண்டு எகிப்துக்கு ஓடினார். ஆபத்திலிருந்து தப்பி ஓடுவது அவிசுவாசம் என்றால், கிறிஸ்துமஸ் கதையையே திருத்தி எழுத வேண்டியிருக்கும்.

கடவுள் இணைத்ததை மனிதன் பிரிக்கக்கூடாது என்ற வார்த்தையும் இப்படித்தான். எந்தக் காரணத்துக்காகவும் மனைவியைத் தள்ளிவிடலாமா என்று வந்து நின்ற ஆண்களுக்குச் சொன்ன பதில் அது. பெண்ணை நடுத்தெருவில் விடாதே என்று போட்ட வேலி. அந்த வேலியை வைத்தே அவளை உள்ளே பூட்டிவிட்டோம்.

சட்டமும் லேசுப்பட்டதில்லை. 1869-ல் வெள்ளைக்காரன் போட்ட விவாகரத்துச் சட்டப்படி, கிறிஸ்தவக் கணவன் மனைவியின் கள்ள உறவை மட்டும் நிரூபித்தால் போதும். மனைவிக்கோ கணவனின் கள்ள உறவு மட்டும் போதாது. கூடவே கொடுமையையோ கைவிட்டுப் போனதையோ நிரூபிக்க வேண்டும். வெறும் அடி உதை ஒரு காரணமே இல்லை. இங்கிலாந்து தன் பெண்களுக்கு இந்தப் பாரபட்சத்தை 1923-லேயே நீக்கிவிட்டது. இங்கே 1995-ல் கேரள உயர் நீதிமன்றம் தலையிட்டது. நாடாளுமன்றம் திருத்தியது 2001-ல். நூற்று முப்பத்திரண்டு வருஷம்! சட்டம் மாறிவிட்டது. பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் நாம் மாறவில்லை.

‘‘அப்ப, எடுத்ததுக்கெல்லாம் டைவர்ஸா?’’ என்று கேட்பவர்களுக்கு ஒரு வார்த்தை. இல்லை. பணக் கஷ்டம், மாமியார் சண்டை, நாலு நாள் பேசாமல் இருப்பது, இதற்கெல்லாம் பொறுமையும் நல்ல ஆலோசனையும் வேண்டும். கணவரின் பைக் சத்தம் தெருமுனையில் கேட்டதும் பிள்ளைகள் கட்டிலுக்கடியில் போய் ஒளிந்துகொண்டால், அது வேறு. விவாகரத்தையே ஏற்காத கத்தோலிக்கத் திருச்சபையின் 1983-ம் வருஷச் சட்டம்கூட, உடலுக்கோ மனசுக்கோ பெரிய ஆபத்து என்றால் பிரிந்து வாழ இடம் கொடுக்கிறது. வன்முறையிலிருந்து காப்பாற்றுவதற்காகப் பிரிவது சில நேரம் தார்மீகக் கடமையே ஆகிவிடும் என்று 2016-ல் போப் பிரான்சிஸ் எழுதினார். போப்புக்குத் தெரிந்தது பக்கத்து வீட்டு அங்கிளுக்குத் தெரியவில்லை.

மன்னிப்பு என்பது மனசில் சுமக்கிற கசப்பை இறக்கிவைப்பது. அதை வேறு ஊரில் இருந்துகொண்டும் செய்யலாம். கதவை உள்பக்கம் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டும் செய்யலாம். மன்னித்ததற்கு அடையாளமாக அதே பெல்ட்டுக்கு முன்னால் போய் நிற்க வேண்டும் என்று எந்த சுவிசேஷமும் சொல்லவில்லை.

அந்தப் பெண் இப்போது மகனோடு ஒரு சின்ன வாடகை வீட்டில் இருக்கிறார். வேறு சபைக்குப் போகிறார். பழைய சபையில் அவருக்கு ‘வாழாவெட்டி’ என்று பெயர். கணவர் இன்னமும் அங்கே காணிக்கைப் பை எடுக்கிறார். நீங்கள் இன்னமும் அதில் போடுகிறீர்கள்.

அடுத்த வாரம் உங்கள் பக்கத்தில் ஒரு முழுக்கை ரவிக்கை வந்து உட்காரலாம். வசனம் சொல்ல வாயைத் திறக்குமுன் உங்கள் வீட்டுக் கதவைத் திறந்துவிடுங்கள். 2005-ல் வந்த குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டத்தில், விவாகரத்துக்குப் போகாமலே பாதுகாப்பு கேட்கலாம் என்று எடுத்துச் சொல்லுங்கள். 181 என்ற பெண்கள் உதவி எண்ணை அழுத்திக் கொடுங்கள். ஜெபத்தை அப்புறம் வைத்துக்கொள்ளலாம். ஆண்டவர் காத்திருப்பார், அந்தப் பெண்ணால் காத்திருக்க முடியாது.