காயத்தைத் தேடாதீர்கள், தடையைத் தேடுங்கள்

கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமையாகப் படியுங்கள்.

என்னிடம் படித்தவர்களில் சிலர் சென்னையிலும் பெங்களூரிலும் விளம்பர நிறுவனங்களில் இருக்கிறீர்கள். "சார், நல்ல விளம்பரத்துக்கு இன்சைட் வேணும், அது எங்கே கிடைக்கும்?" என்று கேட்கிறீர்கள். பரிசு வாங்கிய வெளிநாட்டு விளம்பரங்களைப் புரட்டிப் பார்ப்பதாகவும் சொல்கிறீர்கள். அங்கே கிடைப்பது அடுத்தவர் எழுதிய விடை. அதைப் பார்த்து எழுதினால் பரீட்சை ஹாலில் என்ன பெயர் என்று உங்களுக்கே தெரியும்.

இன்சைட் பெரிய வித்தை இல்லை. வாங்குபவருக்கும் பொருளுக்கும் நடுவே எது குறுக்கே நிற்கிறது என்று கண்டுபிடிப்பதுதான்.

கடலூர்க்காரர் சி.கே. ரங்கநாதன் 1983-ல் 15,000 ரூபாய் முதலோடு சிக் ஷாம்பூவைத் தொடங்கினார். கிராமத்தில் அன்று என்ன தடை? பாட்டில் வாங்கக் காசில்லை. ஷாம்பூவை எப்படித் தேய்ப்பது என்றும் தெரியாது. முதல் தடைக்கு விடையான சிறு பாக்கெட்டை அவருடைய தந்தை சின்னி கிருஷ்ணன் ஏற்கெனவே விற்றுக் காட்டியிருந்தார். இரண்டாவது தடைக்கு, ஊர் ஊராகப் போய், ஒரு பையனை உட்கார வைத்து, எல்லோர் முன்னாலும் தலைக்குத் தேய்த்துக் கழுவிக் காட்டினார்கள். சுற்றி நின்றவர்களை முடியைத் தொட்டுப் பார்க்கச் சொன்னார்கள். பிறகு, எந்தக் கம்பெனியின் காலி பாக்கெட்டானாலும் ஐந்து கொடுத்தால் ஒரு சிக் இலவசம் என்றார்கள்.

ஆசிரியர் பயிற்சியில் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்ததும் இதுதான். தெரிந்ததிலிருந்து தெரியாததற்கு அழைத்துப் போ. கண்ணால் பார்க்க வை.

நம் ஊரையே பாருங்கள். ஆந்திரா, தெலங்கானா பக்தர்கள் பெருகியதும் கிரிவலப் பாதைக் கடைகளில் தெலுங்குப் பலகைகள் வந்துவிட்டன. எந்த ஏஜென்சியும் சொல்லவில்லை. வந்தவர்கள் பலகையைப் படிக்க முடியாமல் தாண்டிப் போவதைக் கடைக்காரர் பார்த்தார், அவ்வளவுதான். நீங்கள் பெரிதாகக் கொண்டாடும் டேவிட் ஓகில்வியும் விளம்பரத்துக்கு வரும் முன் ஸ்காட்லாந்தில் வீடு வீடாக அடுப்பு விற்றவர்தான்.

ஆனால் ஒன்றை அழுத்திச் சொல்கிறேன். உண்மையான இன்சைட் எல்லாம் நல்ல இன்சைட் இல்லை. குரூப் போட்டோ எடுக்கும்போது, நிறத்தை நினைத்துப் பின்வரிசையில் ஒளிந்துகொண்ட பெண்பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன். அந்தக் காயத்தை விளம்பரக்காரர்கள் உண்டாக்கவில்லை. வீடும் தெருவும் கல்யாணச் சந்தையும் உண்டாக்கியது. ஆனால் 1975-ல் வந்த ஃபேர் அண்ட் லவ்லியின் விளம்பரங்கள் அதை ஆற்றவில்லை. நிறம் வெளுத்தால் வேலை கிடைக்கும், மாப்பிள்ளை கிடைப்பான் என்று கதை சொல்லி, அதன் மேலேயே கடை போட்டன. ‘ஃபேர்’ என்ற சொல்லைப் பெயரிலிருந்து எடுக்க 2020 வரை ஆனது. 45 வருடம்! எத்தனை செட் பிள்ளைகள் படித்து முடித்துப் போயிருப்பார்கள்?

இரண்டுமே மனிதர்களைக் கவனித்துப் பிறந்தவைதான். ஒன்று வாங்குபவரின் தடையைப் பார்த்தது, இன்னொன்று காயத்தைப் பார்த்தது. தடையை எடுத்தால் வாடிக்கையாளர் கிடைப்பார். காயத்தைக் கீறினாலும் கிடைப்பார், அதுதான் ஆபத்து. "கம்பெனி கேட்பதைத்தானே சார் செய்கிறோம்" என்பீர்கள். கம்பெனி கேட்பது விற்பனையை. எந்த வழியில் விற்பது என்று யோசித்துக் கொடுப்பது நீங்கள். அதற்குத்தான் உங்களுக்குச் சம்பளம்.

அடுத்த பௌர்ணமிக்கு லேப்டாப்பை வைத்துவிட்டு வாருங்கள். 14 கிலோமீட்டர், வெறுங்காலோடு நடங்கள். பக்கத்தில் வரும் பாட்டியிடம், பொரி விற்கும் அம்மாவிடம், குழந்தையைத் தோளில் தூக்கி வருபவரிடம் பேச்சுக் கொடுங்கள். விற்கப் போகாதீர்கள், கேட்கப் போங்கள். எழுதி முடித்த விளம்பரத்தை உங்கள் தங்கைக்கு முதலில் காட்டுங்கள். அவள் முகம் வாடினால் கிழித்துப் போடுங்கள்.

எல்லோரும் நலமாக இருங்கள். மாற்றுக் கருத்து உள்ளவர்கள் தாராளமாக எழுதலாம். மதிப்பெண் குறைக்க மாட்டேன்!