பிதுக்கி விட்டா போதுமா?

"புழுவா இருக்கும்க்கா. பூச்சி மருந்து குடுங்க, சரியாயிடும்."

நாய் பின்பக்கத்தைத் தரையில தேச்சுக்கிட்டு நகர்ந்தா போதும், பினாங்கு சிம்பாங் அம்பாட்ல எங்க தாமான் முழுக்க இதே வைத்தியம்தான். பக்கத்து வீட்லயும் புழு, கோப்பிக்கடையில தே தாரிக் குடிக்கிற மாமா வாயிலயும் புழு. எங்க நாய் மின்னிக்குப் புழு மருந்து தவறாம குடுத்துட்டுத்தான் வர்றோம். மலத்தை டெஸ்ட் பண்ணியும் பாத்தாச்சு, ஒன்னுமில்ல. ஆனா தேய்க்கிறது மட்டும் நிக்கல. அவளுக்கு இருக்கிறது ஏனல் கிளாண்ட் பிரச்சனை.

வெளியில பேசவே கூச்சப்படற விஷயம், அதனாலதான் யாருக்கும் ஒன்னும் தெரியறதில்ல. நாயோட ஆசனவாய்க்கு ரெண்டு பக்கமும், கடிகாரத்துல 4ம் 8ம் இருக்கிற இடத்துல, தோலுக்கு உள்ள ரெண்டு சின்னப் பை இருக்கு. அதுல ஒரு திரவம் ஊறும். மலம் கெட்டியா வெளியேறும்போது அந்த அழுத்தத்துல பை தானா காலியாயிடும். இயற்கை ஏற்பாடு அவ்வளவுதான். மலம் இளகிப்போனா, உடம்பு பெருத்துட்டா, அலர்ஜியால அந்த இடத்துத் தோல் வீங்கிட்டா, பை காலியாகாது. உள்ள இருக்கிறது கெட்டிப்பட்டு அடைக்கும், வலிக்கும், சீழ் வைக்கும், கடைசியில வெடிக்கும்.

அந்த நாத்தம் பட்டவங்களுக்குத்தான் தெரியும். அழுகின மீனும் துருப்பிடிச்ச இரும்பும் சேர்ந்த வாடை. சோபா உறையில ஒரு சொட்டு பட்டா ரெண்டு தடவை துவைச்சாலும் போகாது. வீட்டுக்கு வர்றவங்க மூக்கைச் சுளிக்கிறாங்க. அந்த நாய் வலியில துடிக்குதுங்கறது மட்டும் யார் கண்ணுக்கும் தெரியறதில்ல. வாலை ஒடுக்கிக்கிட்டு, உக்காரப் போய் சட்டுன்னு எழுந்து, திரும்பித் திரும்பிப் பின்னாடியே பாக்குது பாருங்க, அதுக்கு நாத்தமா பிரச்சனை?

குரூமிங் கடைக்குக் கொண்டு போனா, குளிப்பாட்டறது, நகம் வெட்டறது, காது துடைக்கிறது, கூடவே கிளாண்டைப் பிதுக்கறது, எல்லாம் ஒரே பேக்கேஜ். கேட்டாலும் பிதுக்குவாங்க, கேக்காட்டியும் பிதுக்குவாங்க. "ஃபுல் லா ஆன்ட்டி, அடுத்த மாசம் கொண்டு வாங்க." ஒரு தொந்தரவும் இல்லாத நாய்க்கும் அதே பிதுக்கல்! பிரச்சனை இல்லாத நாய்க்கு அங்க கையே வைக்கக் கூடாது. பலமா அழுத்தினா உள்ள புண்ணாகி வீங்கும். அந்த வீக்கம் வடியறதுக்குள்ள மறுபடி அழுத்தினா என்னாகும்?

கிளினிக்லயாவது விடிவு இருக்கும்னு போனா, கையுறை போட்டு ஒரு பிதுக்கல், ஒரு ஊசி, ஒரு கவர் மாத்திரை, பில். "அடுத்த மாசம் பாப்போம்." அடுத்த மாசமும் அதேதான். ஏன் நிறைஞ்சுக்கிட்டே இருக்குன்னு ஒருத்தர் கேட்டாங்களா? என்ன சாப்பிடறா, மலம் எப்படிப் போகுது, எடை எவ்வளவு, உடம்பைச் சொறியறாளா? ஒரு கேள்வி கிடையாது. வயித்தெரிச்சலே அங்கதாங்க. நோயைப் பாக்காம பையைக் காலி பண்ணி அனுப்பறதுக்குப் பேர் வைத்தியமா?

பாலம் தாண்டி தீவுப் பக்கம் ஒரு பெரிய டாக்டர்தான் முதல்ல காதைத் திருப்பிப் பாத்தாரு. உள்ள செவசெவன்னு இருந்துச்சு. அப்புறம் பாதத்தைத் தூக்கி விரல் இடுக்கைக் காட்டினாரு. வெள்ளை முடியெல்லாம் பழுப்பேறிக் கிடந்துச்சு. நக்கி நக்கி எச்சில் கறை. "காது, கால், பின்பக்கம், மூனும் ஒரே கதைம்மா. அலர்ஜி. சாப்பாட்டுலேர்ந்து ஆரம்பிப்போம்"னாரு. இத்தனை மாசம் பின்பக்கத்தை மட்டும் பாத்துக் காசு வாங்கினவங்களை நெனச்சா மனசு கொதிக்குதா இல்லையா?

சாப்பாட்டுச் சோதனைன்னா, நாய் அதுவரைக்கும் தின்னாத ஒரே புரதம், கிட்டத்தட்ட 8 வாரம், வேற எதுவும் வாயில படக்கூடாது. நாய்களுக்கு அதிகமா ஒத்துக்காத உணவுல மாட்டிறைச்சி, பால் பொருள், கோழி மூனும் முன்வரிசை. சரின்னு ஆட்டிறைச்சி உணவு வாங்கப் போனேன். பாக்கெட் முன்னாடி பெருசா ஆட்டுக்குட்டி படம். திருப்பிப் பொடி எழுத்தைப் படிச்சா, ரெண்டாவது பேரே சிக்கன் மீல்! கடைக்காரரைக் கேட்டா, "எல்லாம் ஒன்னுதான்க்கா, எல்லாரும் இதைத்தான் வாங்கறாங்க." எப்படிங்க ஒன்னாகும்? உண்ணி மாத்திரை, இதயப்புழு மாத்திரைலகூட இறைச்சிச் சுவை சேர்த்து வர்றது உண்டு. அதையும் கேட்டுத்தான் குடுக்கணும்.

இத்தனை ஜாக்கிரதையா இருக்கிற வீட்டுக்குள்ள ஒரு சித்தப்பா வர்றாரு. காலைச் சாப்பாட்டு ரொட்டி சானாயைப் பிச்சு, கறிக்குழம்புல தோச்சு மேசைக்குக் கீழ நீட்டறாரு. "ஒரு துண்டுதானேம்மா, பாவம், எப்படிப் பாக்குது பாரு!" அந்த ஒரு துண்டோட பல வார உழைப்பு போச்சு. குழம்புல இருக்கிற வெங்காயம், பூண்டு நாய்க்கு விஷம்னு சொன்னா அவருக்குக் கோவம் வருது. "தோட்டத்துல நாங்க வளத்த நாயெல்லாம் குழம்புச் சோறு தின்னுதான் வளந்துச்சு, இந்த வியாதி எதுக்காவது வந்துச்சா?"

வந்திருக்கும் சித்தப்பா, யார் பாத்தா? அதுவுமில்லாம, அந்த நாயெல்லாம் நாள் பூரா செம்பனைக்காட்டுல ஓடித் திரிஞ்ச நீள மூஞ்சி நாய். இன்னிக்கு நாம வாங்கறது மூஞ்சி தட்டையா இருந்தா அழகுன்னு வளர்த்தெடுத்த ஷிட்ஸு. லண்டன் ராயல் வெட்டினரி காலேஜ் ஆளுங்க 1 லட்சத்துக்கு மேற்பட்ட நாய்களோட கிளினிக் பதிவுகளை ஆராய்ஞ்சு 2021ல வெளியிட்டாங்க. ஒரு வருஷத்துல 100 நாய்க்கு 4க்கு மேல இந்தப் பிரச்சனையோட வந்திருக்கு. நீள மூஞ்சி நாயைவிட தட்டை மூஞ்சி நாய்க்கு ரெண்டரை மடங்கு அதிகம். பாதிப்பு அதிகமான இனங்கள்ல ஷிட்ஸுவும் ஒன்னு. குட்டியைக் கண்ணாடிப் பெட்டியில வச்சு விக்கிறவங்க இதை ஒரு வார்த்தை சொல்றாங்களா?

ஒரு ஞாயித்துக்கிழமை ராத்திரி மின்னிக்கு ஒரு பக்கம் சீழ் கட்டி வெடிச்சுது. வாலுக்குக் கீழ ஓட்டை, ரத்தமும் சீழும். கூப்பிட்ட இடத்துல எல்லாம் போன் அடிச்சு அடிச்சு நின்னுச்சு. ஒரே ஒருத்தர் எடுத்து, "நாளைக்குக் காலையில வாங்க"ன்னாரு. பக்கத்துல இருக்கிற பத்து காவான்ல 2014ல தீவுக்கு 24 கிலோமீட்டர் பாலம் திறந்தாங்க, 2019ல ஐக்கியா வந்துச்சு, திரும்பின பக்கமெல்லாம் காண்டோ. ராத்திரியில ஒரு உயிர் துடிச்சா அந்தப் பாலத்தைத்தான் தாண்டி ஓட வேண்டியிருக்கு.

"பேசாம அறுத்து எடுத்துடுங்களேன்"னும் சொல்றாங்க. செய்யலாம். திரும்பத் திரும்ப வர்ற நாய்க்கு ரெண்டு பையையும் எடுத்துடற ஆபரேஷன் இருக்கு. ஆனா பக்கத்துலயே மலத்தை அடக்கற தசையும் நரம்பும் ஓடுது. அதுல அடிபட்டா மலம் தானா ஒழுகும். வீக்கம் வடிஞ்ச நேரமாப் பாத்து, கை பழகின டாக்டர்கிட்டதான் போகணும்.

மனசை அறுக்கிறது இன்னொன்னு. எஸ்டேட் ரோட்டோரம் அவிழ்த்து விட்டுட்டுப் போற நாய்ங்கள்ல, சடை பிடிச்ச இந்தக் குட்டி இன நாயும் கண்ணுல படுது. கழுத்துல பட்டை போட்ட தடம் அப்படியே இருக்கு. நாத்தம் தாங்கலையா, செலவு தாங்கலையா? 2015 விலங்கு நலச் சட்டப்படி, வளக்கிற பிராணியை வலியிலேர்ந்தும் நோயிலேர்ந்தும் காப்பாத்தறது உரிமையாளரோட கடமை. கொடுமைப்படுத்தினா 20,000 ரிங்கிட்லேர்ந்து 1 லட்சம் வரைக்கும் அபராதம், 3 வருஷம் வரைக்கும் சிறை. சட்டம் இருக்கு. செம்பனை மரத்தடியில நிக்கிற அந்த நாய்க்கு அதனால என்ன கிடைச்சுது?

மின்னி இப்பக் கொஞ்சம் தேறியிருக்கா. கோழி அறவே இல்ல. உப்பு, சர்க்கரை எதுவும் போடாம அவிச்ச பரங்கிக்காய் கொஞ்சம், டாக்டர் சொன்ன அளவுல இசப்கோல், நிறையத் தண்ணி, தினம் நடை. எடை குறைஞ்சிருக்கு, மலம் கெட்டியாப் போகுது. முழுசா நின்னுடுச்சுன்னு சொல்ல மாட்டேன். பிதுக்கறதுக்குன்னு போறது வெகுவாக் குறைஞ்சிருக்கு.

நீங்களும் நாய் வளக்கிறவங்களா இருந்தா ஒன்னு கேட்டுக்கறேன். அடுத்த தடவை "ஃபுல்"னு சொன்னா, ஏன் ஃபுல்லாகுதுன்னு கேளுங்க. பதில் வராட்டி வேற டாக்டரைப் பாருங்க. வயசான நாய்க்கு ஒரு பக்கம் மட்டும் கட்டி மாதிரி தட்டுப்பட்டாலோ, திடீர்னு தண்ணி அதிகமாக் குடிச்சாலோ ஒரு நாளும் தள்ளிப்போடாதீங்க. அந்தப் பையில புற்றுநோயும் வரும். டாக்டர் விரல் வச்சுத் தடவிப் பாக்கணும்.