ஆடுவோர் பெருகினர், அறிந்து பார்ப்போர் எங்கே?

கோடை விடுமுறை தொடங்கிவிட்டால் புலம்பெயர் தமிழர் இல்லங்களில் அரங்கேற்ற அழைப்பிதழ்கள் குவியத் தொடங்கிவிடுகின்றன. மண்டப வாடகை, பக்கவாத்தியக் கலைஞர்களின் பயணச் செலவு, பட்டு, நகை, விருந்து என்று ஒரு திருமணத்துக்கு நிகரான செலவு. இரண்டு வேலை செய்து, சீட்டுக் கட்டி, கடன்பட்டுப் பெற்றோர் இதனைச் செய்கின்றனர். அகதியாக வந்து இறங்கிய மண்ணில் தம் பிள்ளை தமிழ்ப் பிள்ளையாகத் தலைநிமிர்ந்து நிற்கவேண்டும் என்னும் ஏக்கம் அச்செலவின் பின்னே நிற்கின்றது. அதனை எள்ளி நகையாடுவோர் அந்த வாழ்வின் வலியை அறியாதவர்.

ஆனால் ஒரு கேள்வியைக் கேட்டே ஆகவேண்டும். மேடையில் அப்பிள்ளை என்ன ஆடுகின்றாள் என்பது மண்டபத்தில் அமர்ந்திருக்கும் நம்மில் எத்தனை பேருக்கு விளங்குகின்றது?

அரங்கேற்றம் என்னும் சொல்லின் பெருமையை உணர விரும்புவோர் சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதையைப் புரட்டிப் பார்க்கவேண்டும். ஐந்து வயதில் தொடங்கி ஏழாண்டுகள் பயின்று, பன்னிரண்டாம் வயதில் மாதவி சோழன் அவையில் ஆடினாள். தலைக்கோலிப் பட்டமும் 1008 கழஞ்சுப் பொன்னும் பெற்றாள். அவள் ஆடலைச் சொல்வதற்கு முன் ஆடலாசான், இசையாசான், தண்ணுமையோன், குழலோன், யாழோன் ஆகியோருக்கு இருக்கவேண்டிய தகுதிகளை இளங்கோ ஒவ்வொன்றாக விரிக்கின்றார். எட்டுக் கோல் நீளம், ஏழு கோல் அகலம், ஒரு கோல் உயரம் என அரங்கின் அளவையும் குறிக்கின்றார். ஆடல் என்பது ஒருத்தியின் தனித் திறன் மட்டுமன்று. அறிந்தோர் பலர் கூடி உருவாக்கி, அறிந்தோர் அவையில் வைத்து மதிப்பிடும் கலை. மாதவிக்கு அரங்கேற்றம் தொடக்கமாயிற்று. நம் பிள்ளைகளுள் பலருக்கோ அதுவே இறுதி ஆட்டமாகிவிடுகின்றது. மறுநாள் சலங்கை பெட்டிக்குள் போய்விடுகின்றது.

இன்று நாம் காணும் பரதநாட்டிய நிகழ்ச்சி நிரல் பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் சின்னையா, பொன்னையா, சிவானந்தம், வடிவேலு என்னும் தஞ்சை நால்வர் ஒழுங்குபடுத்திய வடிவத்தை அடியொற்றியது. அலாரிப்பும் ஜதிஸ்வரமும் பொருள் சுட்டாத தூய ஆடல். அங்கே தாளமும் உடற்கோடுகளும் மட்டுமே பேசும். சப்தத்தில் அபிநயம் தலைகாட்டும். வர்ணத்தில் இரண்டும் ஒன்றோடொன்று பின்னிப் பொருதும். பதத்தில் ஆட்டம் அடங்கி, பாவம் மட்டும் எஞ்சும். தில்லானாவில் மீண்டும் தாளம் பொங்கும். பாலசரஸ்வதி அம்மையார் 1975 இல் சென்னைத் தமிழ் இசைச் சங்கத்தில் ஆற்றிய தலைமையுரையில் இவ்வரிசையைக் கோயிலுக்குள் செல்வதற்கு ஒப்பிட்டார். அலாரிப்பு கோபுரம், பதம் கருவறை, தில்லானா இறுதியில் ஏற்றும் கற்பூரம்.

நம் மண்டபங்களில் நடப்பது என்ன? நிகழ்ச்சியின் உயிரான வர்ணம் நடக்கும் அரைமணி நேரத்திலேதான் வாசலில் வடையும் தேநீரும் தீர்ந்துபோகின்றன. கருவறையை நெருங்கும் வேளையில் நாம் எழுந்து வெளியே போய்விடுகின்றோம்.

பாணிகளின் வேறுபாட்டையும் நாம் கவனிப்பதில்லை. பந்தநல்லூர் மீனாட்சிசுந்தரம் பிள்ளை வழியின் நேர்க்கோட்டு இறுக்கம் ஒன்று. வழுவூர் இராமையா பிள்ளை வழியின் நெளிவும் துள்ளலும் சிற்ப நிலைகளும் வேறொன்று. ருக்மிணி தேவி 1936 இல் நிறுவிய கலாக்ஷேத்திரம் பந்தநல்லூர் வழியிலிருந்து கிளைத்துத் தனக்கெனத் துல்லியமான ஓர் ஒழுங்கை அமைத்துக்கொண்டது. தன் பிள்ளை பயில்வது எப்பாணி என்று கேட்டால் விடை சொல்லக்கூடிய பெற்றோர் மிகச் சிலரே.

பிள்ளைகளுக்கு நாம் சொல்லாமல் விடும் வரலாறும் ஒன்றுண்டு. "ஈராயிரம் ஆண்டுத் தெய்வீகக் கலை" என்று விழா மலரில் எழுதுகின்றோம். அக்கலை நம் காலம் வரை பிழைத்து வந்தது தேவதாசிப் பெண்களும் நட்டுவனார்களும் காத்ததனால் என்று எழுதுவதில்லை. சதிர் என்று வழங்கிய ஆடல் 1930 களில் பரதநாட்டியம் என்னும் பெயரில் உயர்குடி மேடைகளை எட்டியது. 1947 இல் சென்னை மாகாணத்தில் பொட்டுக்கட்டும் வழக்கம் சட்டத்தால் தடைசெய்யப்பட்டது. சுரண்டலை ஒழிக்க அச்சட்டம் தேவைப்பட்டது என்பதில் ஐயமில்லை. ஆனால் கலை மேடையேறிய அதே காலத்தில் அதனைக் காத்த பெண்களுட் பெரும்பாலோர் மேடையிழந்தனர். பாலசரஸ்வதி போன்ற வெகுசிலரே நிலைத்தனர். மண்ணையும் வீட்டையும் இழந்து வந்த நாமே, இன்னொருவர் இழந்ததை மறைத்துப் பெருமை பேசலாமா?

"பிள்ளை தமிழோடு ஒட்டியிருக்கத்தானே ஆடவிடுகின்றோம்; இத்தனை ஆராய்ச்சி எதற்கு?" என்று சிலர் கேட்பர். நியாயமான கேள்விதான். ஆனால் ஆடப்படும் வர்ணங்களும் பதங்களும் பல தெலுங்கில் உள்ளன. க்ஷேத்ரக்ஞர் பதத்துக்குப் பொருள் தெரியாமல் முகம் காட்டும் பிள்ளையை, முத்துத்தாண்டவர் பதத்துக்கும் அவ்வாறே ஆடப் பழக்கிவிடுகின்றோம். பொருள் அறியாத ஆட்டம் எந்த மொழியோடும் எவரையும் ஒட்டவைக்காது.

இன்னொன்றையும் நாம் மறந்துவிட்டோம். ஈழத்தமிழர்க்கு ஊரோடு ஒட்டிய ஆடல் மரபு உண்டு. மட்டக்களப்பின் வட்டக்களரியில் அண்ணாவியாரின் மத்தளத்துக்கு விடிய விடிய ஆடப்பட்ட வடமோடியும் தென்மோடியும் வெறும் பாட்டுக்கூத்துகள் அல்ல. நுணுக்கமான தாளக்கட்டுகள் கொண்ட ஆடல்கள். போரும் வீரமும் வடமோடிக்கு உரியன. இழுத்துப் பாடும் இசையும் மென்மையும் தென்மோடிக்கு உரியன. பேராசிரியர் சு. வித்தியானந்தன் 1960 களில் பேராதனைப் பல்கலைக்கழக மாணவரைக் கொண்டு 'கர்ணன் போர்', 'இராவணேசன்' முதலிய கூத்துகளை மேடையேற்றியபோதுதான் படித்தவர்கள் அவற்றைத் திரும்பிப் பார்த்தனர். அக்களரியைச் சுற்றி அமர்ந்த உழவனுக்கும் மீனவனுக்கும் கதை தெரியும், தாளம் தெரியும். ஆடுபவன் ஓர் அடி பிசகினாலும் தெரியும். நாம் தொலைத்துவிட்டு நிற்பது அந்த அவையையே.

செய்யவேண்டியவை பெரிய காரியங்கள் அல்ல. ஒவ்வோர் உருப்படியின் பொருளையும் தமிழிலும் பிள்ளையின் பள்ளித் தோழர் படிக்கும் மொழியிலும் ஒரு தாளில் அச்சிட்டுக் கொடுக்கலாம். வாழ்த்துரைகளில் இரண்டைக் குறைத்து, வர்ணத்துக்கு முன் ஆசிரியர் ஐந்து நிமிடம் விளக்கலாம். வர்ணம் முடியும் வரை மண்டபக் கதவைச் சாத்தி வைக்கலாம். நம்மிடையே கூத்தறிந்த முதியோர் இருப்பின், தமிழ்ப் பாடசாலைகளில் ஒரு தாளக்கட்டையேனும் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்க அவர்களை அழைக்கலாம். அரங்கேற்றத்துக்கு ஒதுக்கும் பணத்தில் ஒரு பங்கை, அதற்குப் பின்னரும் பிள்ளை தொடர்ந்து பயில எடுத்து வைக்கலாம்.

அடுத்த அழைப்பிதழ் கைக்கு வரும்போது, அந்தப் பிள்ளையிடம் ஒன்றே ஒன்றைக் கேளுங்கள்: "பிள்ளை, நீ ஆடப்போகும் வர்ணத்தில் நாயகி யாரிடம், என்ன சொல்கின்றாள்?" அவள் விடை சொல்வாளாயின், அன்று மண்டபத்தில் அறிந்து பார்ப்பவர் ஒருவராவது இருப்பார்.