"சூடு" என்று சொல்லி முடித்துவிடாதீர்கள்



இன்று கொஞ்சம் கோபமாகத்தான் எழுதுகிறேன். என் மேலும் சேர்த்துத்தான் கோபம்.

என் தங்கையின் பேத்திக்கு ஆறு வயது. ஒரே வருடத்தில் நான்கு முறை குளிர்காய்ச்சல், நீர்க்கடுப்பு. ஒவ்வொரு முறையும் ஆன்டிபயாடிக் சிரப் கொடுப்பார்கள். காய்ச்சல் விட்டதும் எல்லோரும் மறந்துவிடுவோம். "சூட்டு உடம்பு, இளநீர் கொடு" என்று சொன்னவர்களில் நானும் ஒருவன். குழந்தையின் ஜட்டி எந்நேரமும் ஈரம். அதற்குத் தனியாகத் திட்டு: "ஆறு வயசாச்சு, இன்னும் வெட்கமில்லையா?"

ஐந்தாவது முறை பார்த்த டாக்டர் ஒன்று கேட்டார்: "பாத்ரூம் போய்விட்டு வந்த பிறகும் சொட்டுச் சொட்டாக நனைகிறதா?" ஆமாம் என்றாள் தாய். ஸ்கேன்களில் தெரிந்தது. ஒரு சிறுநீரகத்திலிருந்து ஒரு குழாய்க்குப் பதில் இரண்டு. அதில் ஒன்று சிறுநீர்ப்பையில் சேராமல் அதற்குக் கீழே திறந்திருந்தது. பிறவிக் கோளாறு. அறுவை சிகிச்சை முடிந்து, இப்போது நனைவதில்லை. சூடும் இல்லை, சோம்பலும் இல்லை.

அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. "நாத்தம் அடிக்குது சார்" என்று பிள்ளைகள் சொன்னதற்காக ஒரு சிறுமியைக் கடைசி பெஞ்சுக்கு அனுப்பியவன் நான். ஏன் என்று கேட்கவே இல்லை.

எல்லாக் குழந்தைக்கும் இது இருக்காது. பெரும்பாலும் மலச்சிக்கலும், சிறுநீரை அடக்கிவைப்பதும்தான் காரணம். ஆனால் சிறுநீர் பையிலிருந்து சிறுநீரகத்துக்கே திரும்பி ஏறலாம். கல் இருக்கலாம். ஆண் குழந்தைக்குப் பாதையில் சவ்வு தடுத்து, மெல்லிய தாரையாக வரலாம். முதுகின் அடியில் குழியோ மயிர்க்கற்றையோ இருந்தால், தண்டுவடத்தையும் பார்க்க வேண்டியிருக்கலாம். விட்டுவிட்டால் சிறுநீரகத்தில் தழும்பு விழலாம். பின்னாளில் ரத்த அழுத்தம் வரலாம்.

"எதற்கெடுத்தாலும் ஸ்கேனா? காசு பிடுங்குகிறார்கள்" என்பீர்கள். அல்ட்ராசவுண்டில் ஊசியும் இல்லை, கதிர்வீச்சும் இல்லை. வருடம் முழுக்கக் காரணம் தெரியாமல் மருந்து கொடுப்பதுதான் வீண் செலவு.

மருந்து தொடங்குமுன் யூரின் கல்ச்சர் கேளுங்கள். இரண்டாம் முறை வந்தால், "ஏன் வருகிறது?" என்று டாக்டரிடம் கேளுங்கள். கூச்சப்படாதீர்கள்.

ஆசிரியர்களாக இருக்கும் என் மாணவர்களே, பிள்ளை கை தூக்கினால் "பீரியட் முடியட்டும்" என்று சொல்லாதீர்கள். நான் சொன்னேன். அது தவறு.

அன்புடன்,
உங்கள் பழைய வாத்தியார்