பாலுண்ணும் சபைகள்

"ஆவிக்குரிய முதிர்ச்சி" என்னும் சொல் நம் தமிழ்க் கிறிஸ்தவரிடையே இந்நாளில் பெரிதும் வழங்குகின்றது. உபவாசக் கூட்டம் நடத்துவோர் அதனைக் கூறுகின்றனர். எழுப்புதல் கூட்டங்களுக்கு நோட்டீஸ் அச்சிடுவோர் கூறுகின்றனர். சபைத் தேர்தலில் நிற்போருங்கூடத் தமக்கு அது நிரம்ப உண்டென்று சாதிக்கின்றனர். அஃது யாது, அதனை அளப்பது எங்ஙனம் என்று வினவினாலோ, விடை பலவாகின்றது. ஞானஸ்நானம் பெற்று நாற்பது ஆண்டு ஆயிற்று என்பார் ஒருவர். வேத புத்தகத்தைப் பன்முறை முற்றும் வாசித்தோம் என்பார் மற்றொருவர். அந்நிய பாஷை பேசும் வரம் பெற்றோம் என்பார் வேறொருவர். எங்கள் கோபுரத்தையும் காணிக்கைக் கணக்கையும் பாருங்கள் என்பர் சபையார்.

இவற்றுள் ஒன்றையும் இகழ யாம் வரவில்லை. இவை முதிர்ச்சிக்கு அளவுகோல் ஆகமாட்டா என்பதே எம் வாதம். வீட்டுக் குறையைப் பலரும் படிக்கும் பத்திரிகையிற் பேசலாமோ என்று சிலர் முனகக்கூடும். ஊரறிந்த குறைக்கு உள்வீட்டு மூலை ஏது? ஆதலின் வெளிப்படையாகவே பேசுவோம்.

கொரிந்து நகரத்துச் சபையை எண்ணிப் பாருங்கள். வரங்களில் அதனை மிஞ்சிய சபை அக்காலத்தில் அரிது. அந்நிய பாஷை பேசுவோர் அங்கு இருந்தனர். தீர்க்கதரிசனம் உரைப்போர் இருந்தனர். ஞானத்தையும் நாவன்மையையும் கொண்டாடினோர் இருந்தனர். எனினும் அப்போஸ்தலனாகிய பவுல் அச்சபையாரைக் குழந்தைகள் என்றே கூறினார். அவர்களுக்குக் கொடுத்தது பால், கட்டியான உணவு அன்று என்றார். காரணம் யாது? அவர்களிடையே பொறாமையும் கட்சியும் இருந்தன. ஒருவன் பவுலின் கட்சி, மற்றொருவன் அப்பொல்லோவின் கட்சி. கர்த்தருடைய பந்திக்குக் கூடிவந்தபோதோ, உள்ளவன் முந்தி உண்டான், இல்லாதவன் பசித்திருந்தான். ஆகவே பவுல் முதிர்ச்சியைத் தேடியது வரத்தில் அன்று, பந்தியில். யார் யாரோடு உண்கிறார், யார் யாருக்காகக் காத்திருக்கிறார் என்பதே அவர் பிடித்த அளவுகோல்.

இவ்விஷயத்தில் பேதுருவுக்கும் விலக்கு இல்லை. அந்தியோகியாவிலே புறஜாதியாரோடு உண்டுகொண்டிருந்த அவர், எருசலேமிலிருந்து சிலர் வந்தவுடன் அஞ்சிப் பின்வாங்கினார். பவுல் அவரை எல்லார் முன்னிலையிலும் கண்டித்தார். பந்தியிலிருந்து எழுந்துபோவது சிறு சமுதாய வழக்கம், சுவிசேஷத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்று அவர் விட்டுவிடவில்லை.

இனி இவ்வளவுகோலைத் தமிழ்ச் சபைகள்மீது வைத்துப் பார்ப்போம்.

சீகன்பால்க் 1706-ஆம் ஆண்டு ஜூலை மாதம் தரங்கம்பாடியில் இறங்கினார். 1733-இல் ஆரோன் என்னும் தமிழர் குருப்பட்டம் பெற்றார். சீர்திருத்தச் சபைகளில் அப்பட்டம் பெற்ற முதல் தமிழர் அவரே. அதே காலத்தில் இராஜநாயக்கன் என்றோர் உபதேசியார் தஞ்சைப் பகுதியில் உழைத்துப் பலரைச் சபையிற் சேர்த்தார். அவருக்குக் குருப்பட்டம் கிட்டவில்லை. அவர் பறையர் குலத்தில் பிறந்தவர். அவர் கையினின்று ஏனைய சாதிக் கிறிஸ்தவர் நற்கருணை வாங்கமாட்டார் என்று மிஷனரிமார் அஞ்சினர். வேதம் போதிக்கத் தகுந்த கை, அப்பம் பிட்கத் தகாத கை ஆயிற்று!

ஒரு நூற்றாண்டு கழிந்தது. கல்கத்தா அத்தியட்சர் டேனியல் வில்சன் 1833-இல் தென்னாட்டுச் சபைகளுக்குக் கடிதம் விடுத்து, சாதியை உடனே, ஒருங்கே, என்றென்றைக்குமாக விட்டொழிக்க வேண்டுமென்று கட்டளையிட்டார். தஞ்சை முதலிய இடங்களில் பலர் சாதியை விடுவதினும் சபையை விடுவதே மேல் என்று வெளியேறினர். அவருட் சிலர் பின்னாளில் சாதி விஷயத்தில் இளகிய மிஷனைத் தேடிச் சேர்ந்தனர். வேதநாயக சாஸ்திரியாரின் கீர்த்தனைகளை மலாயாத் தமிழ்ச் சபைகள் இன்றும் உருகிப் பாடுகின்றன. பாடத்தக்கவையே. ஆயின் அப்பெரும்புலவர் சாதியை ஒழிக்க முற்பட்ட மிஷனரிமாரை எதிர்த்து எழுதினார் என்பதையும் மறைப்பதற்கில்லை. புலமையும் பக்தியும் ஒருவரிடத்தில் மலைபோல் உயர்ந்திருக்கலாம். அவரே பந்தியில் குழந்தையாக இருக்கவுங் கூடும். சாஸ்திரியாரைப் பழிக்க இதனைக் கூறுகின்றோம் இல்லை. பாட்டு முதிர்ச்சிக்குச் சான்றாகாது என்பதற்கே கூறுகின்றோம்.

கத்தோலிக்கர் இதனைப் படித்து மகிழ வேண்டா. திருநெல்வேலிச் சீமையிலே வடக்கன்குளம் என்னும் ஊரில், இரண்டு கால்கள் போலப் பிரிந்த கோயில் ஒன்றைக் கட்டினார்கள். ஒரு கால் ஒரு சாதியார்க்கு, மறுகால் ஏனையோர்க்கு. இரு சாராரும் பீடத்தைக் காணலாம். ஒருவரை ஒருவர் காண இயலாதபடி நடுவே சுவர். 1910-இல் அச்சுவர் இடிக்கப்பட்டது. இடித்ததைக் கண்டு மகிழாது வழக்குத் தொடுத்தனர் ஒரு சாதிக் கிறிஸ்தவர், வழக்கிலே தோற்றனர். கடவுளைத் தரிசிப்பதற்குச் சுவர் வேண்டுமென்று நீதிமன்றம் ஏறிய பக்தியை என்னென்பது!

அதே 1910-இல் எடின்பரோவில் உலக மிஷனரி மகாநாடு கூடிற்று. அங்கே திருநெல்வேலிச் சீமை வெள்ளாளன்விளையில் பிறந்த வே. சா. அசரியா எழுந்து, வெள்ளை மிஷனரிமார் உதவி தருகின்றனர், உழைப்பும் தருகின்றனர், நட்பு மட்டும் தருவதில்லை என்று துணிந்து முறையிட்டார். இரண்டாண்டு சென்றபின் அவரே இந்தியருள் முதல் ஆங்கிலிக்கன் அத்தியட்சர் ஆனார். அவர் முறையீட்டைத் தமிழ்க் கிறிஸ்தவர் இன்றும் பெருமையோடு எடுத்துக் கூறுகின்றோம். வெள்ளையரிடம் நாம் கேட்ட அந்நட்பை நம் பக்கத்து வீட்டுக் கிறிஸ்தவனுக்கு நாம் கொடுத்தோமா? மேலே உள்ளவனிடம் சமத்துவம் கேட்பதும் கீழே நிறுத்தியவனுக்கு அதனை மறுப்பதும் முதிர்ச்சியின் இலக்கணமோ?

இவையெல்லாம் பழங்கதை என்று ஒதுக்குவோர்க்கு ஒன்று கூறுவோம். இந்தியாவில் 1950-ஆம் ஆண்டு ஜனாதிபதி ஆணை ஆதிதிராவிடக் கிறிஸ்தவர்க்கு அட்டவணைச் சாதியார் உரிமையை மறுக்கின்றது. சீக்கியர் 1956-இலும் பௌத்தர் 1990-இலும் அதனைப் பெற்றனர், கிறிஸ்தவர் பெறவில்லை. சபைகள் இவ்வநீதியை எதிர்த்துக் குரல் எழுப்புவது முற்றும் நியாயம். அங்ஙனம் எழுப்பும்போது, மதம் மாறியும் சாதிக் கொடுமை எம்மக்களை விடவில்லை என்று சபைகளே சாட்சி கூறுகின்றன. யார் செய்யும் கொடுமை? வெளியார் செய்வது ஒரு பங்கு. சபைக்குள்ளே செய்வது ஒரு பங்கு. இந்தியக் கத்தோலிக்க ஆயர்கள் 2016-இல் வெளியிட்ட கொள்கை அறிக்கையில் இவ்வேறுபாட்டைப் பாவம் என்றே ஒப்புக்கொண்டனர். ஒப்புக்கொள்ளுதல் நன்று. எனினும் மணமகன் தேவை, மணமகள் தேவை என்னும் விளம்பரங்களைப் புரட்டுங்கள். கிறிஸ்துவின் பெயரோடு சாதியின் பெயர் கைகோத்து நிற்கின்றது.

இந்நாட்டுக்கு வருவோம். கப்பலேறி வந்த நம் முன்னோர் கடலிலே சாதியை எறிந்துவிட்டு வரவில்லை. கங்காணி தன் ஊராரையும் உறவினரையுமே திரட்டி வந்தான். சில தோட்டங்களிலே லயன்களும் சாதிவாரியாகப் பிரிந்தன. துரை அனைவரையும் கூலி என்றே அழைத்தார். நம்மவரோ அக்கூலிக்குள்ளும் மேல் கீழ் வகுத்தனர். தோட்டங்கள் துண்டாடப்பட்டு மக்கள் நகரத்துக்குக் குடிபெயர்ந்த பின்னும் அவ்வழக்கம் முற்றும் மாயவில்லை. ஆண்டுதோறும் ஜூலை மாதம் புக்கிட் மெர்தாஜாம் அர்ச். அன்னம்மாள் திருவிழாவிலே தமிழர், சீனர், பிற மதத்தினர் யாவரும் தோளோடு தோள் உரசி மெழுகுவர்த்தி ஏந்துகின்றனர். காணக் கண்கொள்ளாக் காட்சி. ஆனால் திருவிழா முடிந்து, மகன் ஒரு பெண்ணை விரும்புகின்றேன் என்று வீட்டிற் சொன்னவுடன் முதற்கேள்வி யாது? "பெண் ஜெபிக்கின்றவளா?" என்பதா? "அவர்கள் என்ன ஆட்கள்?" என்பதா? வாசகர் தம் நெஞ்சைத் தொட்டு விடை கூறுக.

சாதி சமுதாய விஷயம், ஆன்மாவுக்கு அதனால் கேடில்லை என்பர் சிலர். தஞ்சையிலும் இதனையே கூறினர். பிலேமோன் வீட்டை விட்டு ஓடிய அடிமை ஒநேசிமுவைப் பவுல் திருப்பி அனுப்பியபோது, அடிமையாக அன்று, பிரியமான சகோதரனாக ஏற்றுக்கொள் என்னும் கருத்துப்பட எழுதினார். எசமானுக்கும் அடிமைக்கும் உள்ள உறவினும் சமுதாய விஷயம் வேறு உண்டோ? அதனையே அவர் விசுவாசத்தின் விஷயம் ஆக்கிவிட்டார். இன்று நம் தோட்டங்களில் இந்தோனேசியரும் வங்காளதேசத்தாரும் நேபாளியரும் அன்று நம் பாட்டன்மார் நின்ற இடத்தில் நிற்கின்றனர். அவர்களை நம் வாய் எப்பெயரால் அழைக்கின்றது என்பதும் இவ்வளவுகோலுக்கு உட்பட்டதே.

மெல்ல மெல்ல மாறும், அவசரம் வேண்டா என்பர் வேறு சிலர். பச்சைக் குழந்தைக்குப் பால் ஊட்டுவது தாயின் கடன். சீகன்பால்க் வந்து முந்நூறு ஆண்டுக்கு மேலாயிற்று. முந்நூறு ஆண்டு பாலுண்டும் பல் முளையாத பிள்ளையை யாரேனும் கண்டதுண்டோ?

ஆகவே சபைகளுக்குச் சிலவற்றை வற்புறுத்துகின்றோம். சபைப் பத்திரிகையிலும் அறிவிப்புப் பலகையிலும் சாதி குறித்த மண விளம்பரத்துக்கு இடமில்லை என்று தீர்மானம் செய்யுங்கள். சபைத் தேர்தலில் சாதிக் கட்சி சேர்ப்பவர் எத்துணைப் பெரிய கொடையாளியாயினும் மூப்பர் ஆக்காதீர்கள். கல்லறையில் ஒரே வாயில், ஒரே நிலம் இருக்கட்டும். சாதி கடந்து மணம் செய்துகொள்ளும் இளைஞரைப் பெற்றோர் கைவிடுங்கால், போதகர் ஒதுங்கி நில்லாது அவர்கள் பக்கத்தில் நிற்கட்டும். சபையே அவர்களுக்குத் தாய்வீடு ஆகட்டும். ஆலயத்தில் ஒன்றாய்ப் பாடுவதோடு நில்லாமல் ஒருவர் வீட்டில் ஒருவர் அமர்ந்து உண்ணுங்கள்.

இவற்றைச் செய்யும் சபை சிறிதாயினும், கோபுரம் அற்றதாயினும், தகரக் கொட்டகையிற் கூடுவதாயினும், அதனை முதிர்ந்த சபை என்போம். இவற்றைச் செய்யாத சபை எத்தனை இரவு விழித்து ஜெபித்தாலும் கொரிந்துவின் தொட்டிலிலேயே கிடக்கின்றது. அதனின்று எழுந்து நடக்க விருப்பமுள்ள சபைகள் எவை? வரும் சபைக் கூட்டங்களில் இக்கேள்வியை எழுப்புமாறு வாசகரை வேண்டுகின்றோம்.